ஆறாவது ஆண்டின் கணக்கு

ஷோரூமில் 60 லட்ச ரூபாய்க்கு வாங்கப்பட்ட ஜெர்மன் செடான், ஆறேழு ஆண்டுகள் கழித்து ஒரு புதிய நடுத்தர எஸ்யூவியின் விலைக்குக் கைமாறுகிறது. தோல் இருக்கை அப்படியே இருக்கிறது. மேலே திறக்கும் கண்ணாடிக் கூரை வேலை செய்கிறது. நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டினாலும் உள்ளே சத்தம் கேட்பதில்லை. போனது ஒன்றுதான், தயாரித்த நிறுவனம் கொடுத்திருந்த வாரண்டி. விலை பேசும்போது அதற்கென்று ஒரு மதிப்பு போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. முதல் பெரிய பழுதுக்கான எஸ்டிமேட் கைக்கு வரும்போதுதான் அந்த மதிப்பு தெரியவருகிறது.

சென்னையிலும் கோவையிலும் பெங்களூருவிலும் இப்படி வாங்குகிறவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்லர். பெரும் பணக்காரர்கள் புதிதாக வாங்கி, வாரண்டி முடியும் சமயத்தில் விற்றுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாம் கை, மூன்றாம் கையாக வாங்குவோர் தொழிலில் ஓரளவு நிமிர்ந்தவர்கள், நல்ல சம்பளத்துக்கு வந்தவர்கள். பள்ளி நாட்களிலிருந்தே அந்த மூன்று முனை நட்சத்திரத்தையோ நீல வெள்ளை வட்டத்தையோ பார்த்து ஏங்கியவர்கள். அந்த ஏக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். நல்ல பொறியியலை விரும்புவது நல்ல ரசனைதான். அதற்காகச் சேமிப்பு கரைந்துபோவதைத்தான் தடுக்க வேண்டும். தடுக்கவும் முடியும், செலவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்.

அடிப்படை உண்மை எளியது. காரின் விலை சரிகிறது, அதன் உதிரிபாகத்தின் விலை சரிவதில்லை. 15 லட்சத்துக்கு வாங்கிய காரில் கெட்டுப்போகும் கியர்பாக்ஸ், 60 லட்ச ரூபாய்க் காருக்கென்று செய்யப்பட்ட கியர்பாக்ஸ். அமெரிக்காவில் யுவர்மெக்கானிக் என்ற பழுதுபார்ப்பு நிறுவனம் 2016இல் தன் வாடிக்கையாளர் தரவைத் தொகுத்து, முதல் 10 ஆண்டுகளில் ஒரு காரைப் பராமரிக்க ஆகும் செலவை வெளியிட்டது. பி.எம்.டபிள்யூ 17,800 டாலர், மெர்சிடிஸ் பென்ஸ் 12,900, ஆடி 12,400. டொயோட்டாவுக்கு 5,500. இந்தப் பட்டியலில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொரு எண். டொயோட்டாவின் சொகுசுக் கிளையான லெக்ஸஸுக்கு ஆனது 7,000 டாலர். சொகுசுதான் செலவுக்குக் காரணம் என்றால் லெக்ஸஸ் மேலே இருந்திருக்க வேண்டும். அதிலும் தோல் இருக்கை உண்டு, சத்தமில்லாத ஓட்டம் உண்டு. ஆகவே காரணத்தை வடிவமைப்பில் தேட வேண்டியிருக்கிறது: இந்தக் கார்கள் யாருக்காக, எத்தனை ஆண்டுப் பயனுக்காக வரையப்படுகின்றன?

ஜெர்மனியில் ஆண்டுதோறும் பதிவாகும் புதிய கார்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறுவனங்களின் பெயரில் பதிவாகிறது. அமெரிக்காவில் ஜெர்மன் சொகுசுக் கார்கள் பெருமளவில் மூன்றாண்டு லீஸில் போகின்றன. அங்கே புதிய பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடிக்கு வழக்கமான வாரண்டி நான்கு ஆண்டு அல்லது 50,000 மைல், அதாவது சுமார் 80,000 கிலோமீட்டர். நிறுவனக் கணக்கில் கார் எடுப்பவர் முதல் சில ஆண்டுகளின் செலவை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஆயில் மாற்றும் இடைவெளி நீளமாக இருந்தால் அவருக்கு லாபம். ஆகவே ஐரோப்பாவில் 25,000, 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்னும் நிலை வந்தது. அவ்வளவு நாள் ஓடிய ஆயிலில் சேரும் கசடும், அதனால் டைமிங் செயினிலும் டர்போவிலும் ஏற்படும் தேய்மானமும் முதல் உரிமையாளர் கண்ணில் படுவதில்லை. அவை மூன்றாமவருக்காகக் காத்திருக்கின்றன.

இதற்கு நான் தரும் சான்று ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். பி.எம்.டபிள்யூ முதல் ஜாகுவார் வரை பல கார்களில் இருப்பது இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி. உலகின் சிறந்த கியர்பாக்ஸ்களில் ஒன்று என்று சொன்னால் மிகையாகாது. இதன் ஆயில் வாழ்நாள் முழுமைக்கும் போதும், மாற்ற வேண்டாம் என்று பல கார் நிறுவனங்கள் சொல்லிவந்தன. கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் மாற்று என்கிறார், அதை வாங்கிக் காரில் பொருத்தியவர் வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் பெட்டியில் ஃபில்டரும் அடித்தட்டும் சேர்ந்து ஒரே பிளாஸ்டிக் பாகமாக வருவதால், முறையாக ஆயில் மாற்றும்போது அதையும் மாற்ற வேண்டும். செலவு சற்றுக் கூடும். ஆனாலும் கியர்பாக்ஸ் பிரிக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை விற்பவர், கம்பெனி சர்வீஸ் ஒன்றுகூடத் தவறவில்லை என்று புத்தகத்தைக் காட்டலாம். அது உண்மையாகவே இருக்கலாம். அப்போதும் கியர்பாக்ஸ் ஆயில் ஒருமுறைகூட மாறியிருக்காது.

எஞ்சின் விஷயத்தில் பிராண்டைப் பார்ப்பதைவிட எஞ்சினின் குறியீட்டைப் பார்ப்பது நல்லது. ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே ஆண்டு என்றாலும் உள்ளே இருக்கும் எஞ்சின் எது என்பதில்தான் லட்சங்கள் அடங்கியிருக்கின்றன. இந்தியாவுக்கு நெருக்கமான உதாரணம் பி.எம்.டபிள்யூவின் என்47 டீசல். 2007இல் வந்த இந்த எஞ்சின்தான் அந்தக் காலத்து 320டி, 520டி கார்களில் இருந்தது. அதே 2007 மார்ச்சில்தான் செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பி.எம்.டபிள்யூவின் தொழிற்சாலை திறக்கப்பட்டு 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்கள் அங்கே பூட்டப்படத் தொடங்கின. நம் சாலைகளில் இந்த வண்டிகள் இவ்வளவு இருப்பதற்கு அது ஒரு காரணம். என்47இல் டைமிங் செயின் எஞ்சினின் முன்பக்கம் இல்லை. பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினும் அதைப் பிடித்து நிறுத்தும் கைடுகளும் தேய்ந்தால் பின்னாலிருந்து ஒரு உரசல் சத்தம் கேட்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டிச் செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். கவனித்து மாற்றலாம் என்றாலும், அந்த இடத்தை எட்டுவதற்கு எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். பாகத்தின் விலையைவிட அதை எட்டிப்பிடிக்கும் கூலி அதிகம் என்ற விசித்திரம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

பெரிய வி8 வகையில் அதே நிறுவனத்தின் என்63 இன்னும் கடினமான கதை. 2008இல் வந்த இந்த எஞ்சினில் இரண்டு டர்போக்களையும் ‘வி’ வடிவத்தின் நடுப்பள்ளத்தில் வைத்தார்கள். எஞ்சின் கச்சிதமானது, காலை அழுத்தியவுடன் வேகம் எடுத்தது. ஆனால் டர்போக்களின் கொதிப்பு முழுவதும் எஞ்சினின் மேல்தலையில் தங்கியது. சுற்றியிருந்த ரப்பர் சீல்கள் இறுகின, ஆயில் எரியத் தொடங்கியது. அமெரிக்காவில் 2014 டிசம்பரில் நிறுவனமே ஒரு சிறப்புப் பராமரிப்புத் திட்டம் அறிவிக்க வேண்டிவந்தது. கூட்டு வழக்கும் தொடர்ந்தது. ஆடியின் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினிலும் 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிஸ்டன் ரிங்கின் வடிவமைப்பால் ஆயில் குறைவது நீதிமன்ற வழக்கானது. போர்ஷே 911இல் 1990களின் கடைசியிலிருந்து ஒரு தசாப்தம் வரை, உள்ளே இருக்கும் சிறு பேரிங் ஒன்று உடைந்து முழு எஞ்சினையும் கொண்டுபோனது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது, பழுது வெளிப்பட்ட நேரம். பெரும்பாலும் வாரண்டி முடிந்த பிறகு, முதல் உரிமையாளர் போன பிறகு.

ஏர் சஸ்பென்ஷனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1998இல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் இதைப் பரவலாக்கியது. பிறகு ரேஞ்ச் ரோவர், ஆடி க்யூ7 போன்றவை நம் பணக்காரத் தெருக்களுக்குக் கொண்டுவந்தன. இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரம்பிய ரப்பர்ப் பை. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும், நம் வெயிலில் சீக்கிரமே வெடிப்பு விடும். ஒரு பையில் சிறு கசிவு வந்தால் அதை ஈடுகட்டக் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், ஓடி ஓடி அதுவும் எரிந்துபோகும். ஒரு பையின் செலவோடு முடிய வேண்டியது, பையும் கம்ப்ரஸரும் என்றாகிறது. இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை சரிந்து நின்றால் அன்றே மெக்கானிக்கிடம் போவது பணத்தை மிச்சப்படுத்தும். வாங்கும் முன் பார்ப்பதாக இருந்தால், விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரவு முழுக்க ஸ்டார்ட் செய்யாத வண்டியைக் காலையில் போய்ப் பார்க்க வேண்டும்.

மின்னணு வேறு வகைத் தொல்லை. ஒரு நவீன சொகுசுக் காரில் பல பத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. பேட்டரி மாற்றினால்கூட பி.எம்.டபிள்யூவில் அதைக் கணினி வழியே பதிவு செய்ய வேண்டும். புதிய மெர்சிடிஸ்களில் எஞ்சின் கணினி, கியர்பாக்ஸ் கணினி, சாவி ஆகியவை ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருப்பதால், வேறொரு வண்டியிலிருந்து கழற்றியதைக் கொண்டுவந்து போட்டால் வேலை செய்யாது. திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு என்பது உண்மை. பழைய பாகச் சந்தையை அடைத்துவிட்டது என்பதும் உண்மை. முகப்பு விளக்கில் ஒரு பிடி உடைந்தாலும் முழு எல்.இ.டி. விளக்கையும் மாற்றச் சொல்கிறார்கள். டயர்கூடச் சாதாரணம் இல்லை. பஞ்சர் ஆனாலும் ஓடும் ரன்ஃப்ளாட் டயர் ஒன்று 20,000 ரூபாயைத் தாண்டுவது வழக்கம், நம் குழிகளில் அதன் பக்கச்சுவர் புடைத்துக்கொள்ளும். டீசல் வண்டியை ஊருக்குள் மட்டுமே ஓட்டினால் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பில்லாமல் அடைத்துக்கொள்கிறது.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். இந்தியாவில் இன்சூரன்ஸ் விதிகள் ஒரு கூடுதல் சுமை. இதைப் பற்றிப் போதிய பேச்சு இல்லை என்பது என் கருத்து. மோட்டார் இன்சூரன்ஸில் விபத்துக்குப் பின் மாற்றும் பாகங்களுக்கு வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கப்படுகிறது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயர், பேட்டரிக்கும் 50 விழுக்காடு. இரும்புப் பாகங்களுக்கு 5 முதல் 10 ஆண்டு வரை 40 விழுக்காடு, 10 ஆண்டுக்கு மேல் 50. இதைக் கழிக்காமல் முழுத் தொகை பெறுவதற்குத்தான் ‘பம்பர் டு பம்பர்’ என்று எல்லோரும் சொல்லும் கூடுதல் பாலிசி. அதைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஐந்து ஆண்டு வரைதான் சுலபமாகத் தருகின்றன. வாரண்டியும் இதுவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் முடிகின்றன. ஆறாம் ஆண்டில் பம்பர் உடைந்து பாகம் ஒரு லட்சம் என்று வந்தால், 50,000 உரிமையாளர் தலையில்.

இன்னொன்றும் உண்டு. காரின் காப்பீட்டு மதிப்பு, அதாவது ஐ.டி.வி., ஐந்தாண்டு முடிவில் பட்டியல் விலையில் பாதியாகிறது. அதன்பின் பேசித் தீர்மானிப்பதுதான், கீழேயே போகும். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழுச் சேதம் என்று கணக்கு. பாகங்களின் விலை புதுக் காருக்குரியது, ஐ.டி.வி.யோ பழைய காருக்குரியது. ஆகவே ஏர்பேக் விரிந்து, முன்பக்கம் நசுங்கிய நடுத்தர விபத்திலேயே பழைய சொகுசுக் கார் முழுச் சேதம் ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட வண்டிகள் ஏலத்தில் போய், குறைந்த செலவில் ஒட்டுப்போடப்பட்டு, மறுபடி சந்தைக்கு வருகின்றன. வெள்ளத்தில் நின்றவையும் அதே வழிதான். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனையோ சொகுசுக் கார்கள் நீரில் நின்றதைப் பார்த்தோம். இந்தக் கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கைக்குக் கீழேயும் டிக்கியின் தரையிலும் இருக்கின்றன. முழங்கால் அளவு நீர் போதும். கம்பளத்தைக் காயவைத்து விற்றுவிடலாம், கனெக்டர்களில் ஏறிய துரு பல மாதம் கழித்துத்தான் முகம் காட்டும். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் உள்ளே நீர் புகுந்து போனால், சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியே சேர்த்திருக்க வேண்டும்.

விலை மலிவாகத் தெரிவதற்கு டெல்லியும் ஒரு காரணம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்றது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்று தளர்த்தும் வரை, பத்தை நெருங்கும் டீசல் சொகுசுக் கார்கள் அங்கிருந்து அடிமாட்டு விலைக்கு வெளி மாநிலங்களுக்குக் கிளம்பின. தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு கட்டாயம். என்.ஓ.சி. வாங்க வேண்டும், வயதுக்கேற்ற வாழ்நாள் வரி கட்ட வேண்டும். 2023 நவம்பருக்குப் பிறகு இங்கே 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு அந்த வரி 20 விழுக்காடு. பழைய வண்டிக்கு விகிதம் குறையும் என்றாலும், டெல்லியில் மிச்சமான தொகையில் நல்ல பகுதி இதில் போய்விடும்.

பழுதுபார்ப்பதில் இரண்டு வழிகள் உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பாகம் நம்பகமானது, விலை உச்சம். அங்கே பாகத்தைப் பழுதுபார்ப்பது குறைவு, முழுத் தொகுதியாக மாற்றுவதுதான் வழக்கம். வெளியே, ஜெர்மன் வண்டிகளை மட்டும் பார்க்கும் தனி மெக்கானிக்குகள் பெருநகரங்களில் வளர்ந்திருக்கிறார்கள். அவர்களில் நல்லவர் கிடைத்தால் செலவு கணிசமாகக் குறையும், காரணம் கூலி மட்டும் இல்லை. கார் நிறுவனம் தன் பெயரில் விற்கும் பாகங்களில் பல அதன் சொந்தத் தயாரிப்பே அல்ல. சஸ்பென்ஷன் ஆர்ம் லெம்ஃபோர்டர் செய்தது, ஃபில்டர் மான் அல்லது மாலே, சென்ஸர் பாஷ், விளக்கு ஹெல்லா. அதே தொழிற்சாலைப் பாகத்தைத் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் வாங்கினால் விலை வெகுவாகக் குறைகிறது. சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளுக்கு இது பழைய செய்தி. புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் கதவும் கண்ணாடியும் கிடைக்கும். தகட்டுப் பாகங்களுக்கு அது சரி. பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் பழையதைத் தேடக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களின் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது உண்மையான உதவி.

ஆனால் தனி மெக்கானிக்கின் கையைக் கட்டிப்போடுவது கணினியும் தகவலும். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் பென்ஸ், ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் ஆகியவையும் அதில் உண்டு. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தர மறுத்ததுதான் குற்றம். பாகங்களின் விலை வழக்கமாக நூறு விழுக்காட்டுக்கும் மேலே, சிலவற்றில் 5,000 விழுக்காடு வரை ஏற்றப்பட்டிருந்ததாக ஆணையம் கண்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்குகள் இழுத்தன. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. தகவலைத் தருவது அங்கே நிறுவனங்களின் விருப்பம், சட்டக் கட்டாயம் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மக்கள் 2012இல் வாக்களித்து இதைச் சட்டமாக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2010இலேயே வெளி மெக்கானிக்குக்குத் தொழில்நுட்பத் தகவல் கிடைக்க விதி செய்தது. நம்மிடம் அப்படிப்பட்ட சட்டம் இல்லாததற்கு விலை கொடுப்பவர் ஆறாம் ஆண்டு உரிமையாளர்.

நீட்டிப்பு வாரண்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கார் நிறுவனமே தருவது என்றால் பெரும்பாலும் ஆம், வெளி நிறுவனம் தருவது என்றால் விலக்குப் பட்டியலை முதலில் படித்த பிறகு. தேய்மானப் பாகங்கள், ரப்பர், ஏர் சஸ்பென்ஷன் பைகள், சீல் கசிவு என்று நாம் அஞ்சும் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தால் மிச்சமிருப்பது வெறும் தாள். வாங்கத் தீர்மானித்தவர், அந்தப் பிராண்டின் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை ஒரு முழு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். எல்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவான பிழைகளையும் கிலோமீட்டரையும் படிக்கச் சொல்ல வேண்டும். டயலில் இருக்கும் எண்ணும் பெட்டிகளில் பதிவான எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியே ஒதுக்கி வைக்க முடியாதவர் அந்த வண்டியை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பகட்டான ஏழு சீரிஸைவிட, முழு சர்வீஸ் பதிவோடு இரும்பு ஸ்பிரிங்கில் ஓடும் சிறிய பெட்ரோல் செடானையே நான் பரிந்துரைப்பேன்.

மின்சாரக் கார்கள் வந்தால் இந்தக் கவலை தீருமா? செயினும் டர்போவும் போய்விடும். ஏர் சஸ்பென்ஷனும் விளக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் அப்படியே இருக்கும். பேட்டரிக்குப் பரவலாக 8 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறார்கள். அதைத் தாண்டிய மின்சார சொகுசுக் கார்கள் இந்தியச் சந்தைக்குப் பெரும் எண்ணிக்கையில் இன்னும் வரவில்லை.

வாரண்டியின் நீளத்தை நிறுவனங்களே தீர்மானிக்கின்றன, அது கூடவும் செய்யும். இந்தியாவில் மெர்சிடிஸ் தரும் அடிப்படை வாரண்டி 3 ஆண்டு. ஆடி 2022இல் அதை 5 ஆண்டாக்கியது. லெக்ஸஸ் 2024இல் 8 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் என்றது. தன் எஞ்சின் எட்டாம் ஆண்டிலும் நிற்கும் என்று நம்பும் நிறுவனம் அதை எழுதிக் கொடுக்கிறது. பழைய கார் வாங்கப் போகிறவர் விளம்பரத்தைவிட்டு முதலில் படிக்க வேண்டியது அந்த எண்ணைத்தான், புதிய கார் வாங்குகிறவரும் கூட.